ஊசிப்பாறை வளைவில் இறக்கிவிடப்பட்ட குரங்குகள்

அனுப்புநர்
மோ. தேவயானி,
க/பெ. மோகன்,
மேல்தும்பக்காடு,
காவலூர் வழி, ஜவ்வாது மலை,
திருப்பத்தூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட வன அலுவலர் அவர்கள்,
மாவட்ட வன அலுவலகம்,
திருப்பத்தூர்.

பொருள்: வனம் – ஜவ்வாது மலை – மேல்தும்பக்காடு அருகே அடிவாரத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட குரங்குகள் – அவற்றை மீண்டும் பிடித்து வேறிடத்தில் விடாதிருக்கவும், இனி எந்த ஊர்க் குரங்கையும் இவ்வாறு விடாதிருக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. மேற்கண்ட முகவரியில் கணவருடனும் மாமியாருடனும் வசித்து வருகிறேன். கொல்லை என்று நாங்கள் சொல்லும், சாமை விளையும் கொஞ்சம் மேட்டு நிலமும், வீட்டுக்குப் பின்னால் சில புளியமரங்களும் எங்களுக்கு உண்டு. அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்ததால், ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம் வருவார்கள். தெருவிளக்குக்கும் பஸ்ஸுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் எழுதியிருக்கிறேன். இந்த மனுவையும் ஊர் சொல்லித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் ஊர் எழுதச் சொன்னது வேறு, நான் எழுதியிருப்பது வேறு. அதற்கான காரணத்தைத் தாங்கள் பொறுமையுடன் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2. எங்கள் மலையில் குரங்கு இல்லாமல் இல்லை. புளி பழுக்கும் மாசி, பங்குனியில் காட்டிலிருந்து இறங்கி வரும். ஒரு சத்தம் போட்டால் திரும்ப ஏறிவிடும். விளைச்சலில் கொஞ்சம் அதற்கென்று போகும். அதற்காக நாங்கள் யாரும் இதுவரை புகார் எழுதியதில்லை. ஆகவே குரங்கு என்றாலே எங்களுக்கு ஆகாது என்று தாங்கள் கருத வேண்டாம்.

3. கடந்த ஆவணி மாதத்தில் ஒருநாள் மாலை, மழை தூறிக்கொண்டிருந்த நேரம், மாடுகளை ஓட்டிக்கொண்டு ஊசிப்பாறை வளைவில் வந்துகொண்டிருந்தேன். அங்கே ஒரு மினி லாரி நின்றிருந்தது. அதில் இரும்புக் கூண்டுகள் இருந்தன. ஓட்டுநரும் கூட வந்த ஆட்களும் கூண்டுக் கதவுகளைத் திறந்துவைத்துக் கட்டையால் தட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்த குரங்குகள் வெளியே வரவில்லை. ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு மூலையில் ஒடுங்கியிருந்தன. கடைசியில் கூண்டுகளைச் சாய்த்து, மூட்டையிலிருந்து கிழங்கைக் கொட்டுவதுபோல் கொட்டினார்கள். மனுவில் இப்படி எழுதுவதற்கு மன்னிக்கவும். எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

நான் ஓட்டுநரிடம், "இன்னாங்க இது, ரோட்டு மேலயே வுட்றீங்க?" என்று கேட்டேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "காட்டுக்கு உள்ள கொண்டுபோய்த்தான்க்கா வுடச் சொன்னாங்க. இந்த மழையில உள்ள எறக்கினா வண்டி திரும்ப ஏறாது. அதுங்களே போய்க்கும்" என்றார். பொய் சொல்கிற முகமாக அது தெரியவில்லை. அப்படி நடக்கும் என்று அவர் நம்பவே விரும்பினார் என்று நினைக்கிறேன்.

வண்டி கிளம்பியது. குரங்குகள் காட்டுப் பக்கம் போகவில்லை. வண்டிக்குப் பின்னாலேயே ஓடின. வயிற்றோடு ஒட்டிய குட்டியைச் சுமந்தவையும் ஓடின. அடுத்த வளைவு வரை என் கண்ணுக்குத் தெரிந்தது. அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, இறக்கிவிட்ட இடத்திலேயே நனைந்துகொண்டு உட்கார்ந்தன.

4. இருபதுக்கும் மேற்பட்ட அந்தக் குரங்குகள் வெகுநாள் அந்த வளைவை விட்டு நகரவில்லை. லாரிச் சத்தம் கேட்டால் எழுந்து நின்று பார்க்கும். காட்டில் அத்தி பழுத்திருந்தது. அவற்றுக்கு அது தின்னும் பொருள் என்று தெரியவில்லை. பிளாஸ்டிக் கவர், பிஸ்கட், குழாய்த் தண்ணீர் ஆகியவைதான் தெரிந்திருந்தன. எங்கள் மலைக் குரங்குகள் அவற்றைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மரத்தில் ஏறினால் கடித்து விரட்டின. காது கிழிந்தும் வால் அறுந்தும் சில குரங்குகள் ரோட்டோரம் கிடந்ததை நானே பார்த்தேன்.

5. பசி தாங்காமல் அவை ஊருக்குள் வந்தன. ஊரார் தரப்பையும் நான் மறைக்காமல் எழுத வேண்டும். இவை சத்தத்துக்கு அஞ்சவில்லை. கதவு திறந்திருந்தால் உள்ளே வந்தன. அடுப்பின் மேலிருந்த பானையைக் கவிழ்த்தன. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் தட்டிலிருந்து முட்டையை எடுத்துக்கொண்டன. கதிர் வாங்கிய சாமையைப் பிடுங்கிப் போட்டன. தின்றதைவிடப் பிடுங்கியது அதிகம். தனியாக இருக்கும் மங்கம்மாள் என்ற மூதாட்டி தன் சோற்றுப் பானையை விடாமல் பிடித்துக்கொண்டதால் அவர் கையில் கடி விழுந்தது. ஊசி போட்டுக்கொள்ள அவர் பஸ் ஏறி மலையிறங்கிப் பலமுறை ஆலங்காயம் போய்வர நேர்ந்தது. அதன் பிறகு ஊர் பொறுக்கவில்லை. பட்டாசு கொளுத்தினார்கள். கவண் கட்டினார்கள். என் கணவர் மோகனும் தினமும் கல்லோடுதான் கொல்லைக்குப் போனார். நான் தடுக்கவில்லை. விளைச்சல் எங்களுடையதும்தானே.

6. அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் குரங்கு இருந்தது. இடது கை மணிக்கட்டோடு மடங்கிப்போனது. வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு சின்னக் குட்டி. எங்கள் தெரு முனையிலுள்ள பஞ்சாயத்துக் குழாயை அந்த மடங்கிய கையாலேயே திருகித் திறந்து தண்ணீர் குடிக்கும். மூடாமல் போய்விடும். முதல் சில நாள் எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் அது குடித்து முடிக்கும்வரை தள்ளி நின்று, அது போனபின் மூடிவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. இதைத் தவிர அந்தக் குரங்குகளுக்கு நான் செய்தது ஒன்றுமில்லை.

7. புரட்டாசியில் அடிவாரத்திலிருந்து ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தார். பெயர் சேட்டு. அறுபது வயதைத் தாண்டியவர். மலையின் கிழக்கு அடிவாரத்திலுள்ள ஒரு கோயில் வாசலில் தேங்காய், பழக்கடை வைத்திருக்கிறார். அந்த ஊரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் இது அவ்வூரார் மீதான புகாராகிவிடும். லாரி ஓட்டிவந்த சரவணகுமார் அவருக்குத் தெரிந்த பையனாம். குரங்குகளை எங்கே விட்டாய் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அந்தப் பையன் உண்மையைச் சொன்னதும், இரண்டு பஸ் மாறி, ஒரு பை நிறைய வாழைப்பழத்துடன் வந்து இறங்கினார்.

குழாயடியில் நின்று அவர் கையைத் தட்டி, "வாங்கடா" என்றார். அவ்வளவுதான். எங்களைக் கண்டால் பல்லைக் காட்டும் குரங்குகள் கூரையிலிருந்தும் மரத்திலிருந்தும் இறங்கி வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்தன. பழத்தை முதலில் தொடவில்லை. அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டன. ஒன்று அவர் தலைமுடியை விலக்கிப் பார்த்தது. ஊரார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கல்லை எடுக்கவில்லை.

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "மீதி எங்கம்மா?" என்று என்னைக் கேட்டார். இவ்வளவுதான் இருக்கிறது என்றேன். பிறகு எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். கோயில் படியில் ஒரு குரங்கு பையைப் பிடுங்கியதில் ஒரு அம்மா விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாராம். அதன்மேல் கடைக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்களாம். சேட்டுவும் போட்டிருக்கிறார்.

"நாங்க ஒண்ணும் கொல்லச் சொல்லலம்மா. காட்டுல வுடுங்கன்னுதான் எழுதினோம். கொரங்குன்னா காடுதான அதுக்கு வூடு, நல்லாருக்கும்னு நெனச்சோம். இதுங்க பொறந்ததே கோயில் மதிலு மேலதான்னு ஒருத்தருக்கும் தோணல. கொரங்குக்கு வாங்கிப் போடுங்க, புண்ணியம்னு சொல்லிச் சொல்லித்தான் இத்தன வருசம் பழம் வித்தேன். புடுங்கித் திங்கப் பழக்கினதும் நாங்க, புடுங்குதுன்னு எழுதினதும் நாங்க."

மடங்கிய கைக் குரங்கு அப்போது அவர் பக்கத்தில் இருந்தது. குழாய் விஷயத்தை நான் சொன்னதும் முதல்முறையாகச் சிரித்தார். "தொறக்கத் தெரியும், மூடத் தெரியாது. அத்த மூடறதுதான் எனக்கு வேலையே" என்றார்.

மாலை பஸ்ஸுக்கு அவரால் போக முடியவில்லை. எழுந்தால் அவையும் எழுந்தன. பஸ் வந்தபோது அவருக்கு முன்னால் அவை ஏறப் பார்த்தன. நடத்துநர் விசிலடித்து வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார். கடைசியில் நான் மிச்சப் பழத்தை வாசலில் பரப்பி அவற்றின் கவனத்தைத் திருப்ப, சேட்டு எங்கள் கொல்லை வழியாகப் போய், தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, மோகனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து திருடனைப்போல் ஊரைவிட்டுப் போனார். பழம் தீர்ந்ததும் குரங்குகள் அவரைத் தேடின. குழாயடிக்கும் பஸ் நிற்கும் இடத்துக்குமாகப் பொழுது சாயும்வரை போய்வந்துகொண்டிருந்தன.

8. ஐப்பசி கடைசியில் ஒரு சனிக்கிழமை. விண்மீன் பார்க்கக் காவலூர் வானாய்வகத்துக்கு வரும் வெளியூர் வண்டிகள் அன்று அதிகம். அவற்றில் வருவோரில் சிலர் ஊசிப்பாறை வளைவில் நிறுத்திச் சிப்ஸ் போடுவார்கள், போட்டோ எடுப்பார்கள். கவர் கசங்கும் சத்தத்துக்கு அந்த மடங்கிய கைக் குரங்கு ரோட்டைக் கடந்திருக்கிறது. மேலிருந்து இறங்கிய ஒரு கார் அதை அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. எந்தக் கார் என்று யாருக்கும் தெரியாது.

கொல்லையிலிருந்து சாமைக் கட்டோடு வந்த மோகன்தான் முதலில் பார்த்தார். வண்டியை ரோட்டின் குறுக்கே போட்டுவிட்டு நின்றார். நான் ஓடிப்போன போது மேலும் கீழும் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. நடுவில் அது கிடந்தது. மற்றக் குரங்குகள் சுற்றி உட்கார்ந்து அதன் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தன. குட்டி உயிரோடு இருந்தது. தாயின் மார்பை விடவில்லை. வண்டிக்காரர் ஒருவர் நகரச் சொன்னபோது மோகன், "கொஞ்ச நேரம் நிக்கட்டும் சார், அதுங்க எழுந்து போவட்டும்" என்றார். பிறகு என்னிடம் மெதுவாக, "காலைல இதத்தான் கல்லால அடிச்சேன், தேவயானி. கொல்லையில இருந்து வெரட்டினேன். அதான் இங்க வந்துது" என்றார்.

வனக்காவலர் இளவழகன் அவர்களுக்கு போன் செய்தோம். அவர் உடனே புறப்பட்டு வந்தார். குட்டியைக் கையில் எடுக்க வேண்டாம், கூட்டத்தில் பால் கொடுக்கும் குரங்கு இருந்தால் சேர்த்துக்கொள்ளும் என்றார். அப்படியே ஆயிற்று. வேறொரு குரங்கு வெகுநேரம் தயங்கி, வந்து இழுத்து, விட்டு, மறுபடி வந்து குட்டியைப் பிரித்து எடுத்துக்கொண்டது. அந்தக் குட்டி இம்மனுவை எழுதும் நாள்வரை உயிருடன் இருக்கிறது என்பதைத் தங்களுக்குத் தெரிவிப்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

சேட்டுவுக்கு போனில் சொன்னேன். "குட்டி?" என்றார். இருக்கிறது என்றேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

9. எங்கள் ஊர் வார்டு உறுப்பினர் கண்ணாயிரம் அவர்கள்தான் பட்டாசு வாங்கி வந்து குரங்குகளை விரட்டுவதில் முன்னால் நின்றவர். அன்று அடிபட்டுச் செத்த குரங்கைப் புதைக்கப் பள்ளம் தோண்டியவரும் அவரே. மஞ்சள்துணி போட்டு, கற்பூரம் காட்டி, மண் தள்ளினார். மறுநாள் காலை என் வீட்டுக்கு வந்து, "பொதச்சாச்சு. மிச்சத்தையாச்சும் இங்கிருந்து அனுப்பிடணும். வேற எங்கயாச்சும் நல்ல காடாப் பாத்து வுடச் சொல்லி நீ ஒரு மனு எழுது" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. நானும் எழுத உட்கார்ந்தேன். 'மேற்படி குரங்குகளை உயிர்ச்சேதமின்றிப் பிடித்து அடர்ந்த வனப்பகுதியில்' என்பதுவரை எழுதினேன். அதற்குமேல் பேனா ஓடவில்லை.

சேட்டுவை மறுபடி அழைத்து, உங்கள் ஊர் மனுவில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். ஏறத்தாழ அதே சொற்களைச் சொன்னார். சொல்லிவிட்டு, "எல்லாம் நல்ல வார்த்தைதாம்மா" என்றார்.

ஐயா, நல்ல வார்த்தைகளை எழுதிய ஓர் ஊரிலிருந்து அந்தக் குரங்குகள் எங்களிடம் வந்தன. நாங்களும் அவற்றையே எழுதினால் இன்னோர் ஊரின் வளைவில் அவை இறங்கும். அங்கும் ஒரு மங்கம்மாளின் கையில் கடி விழும். அங்கும் ஒருவர் கல்லோடு கொல்லைக்குப் போவார். கூண்டு வண்டி வந்தால் இவை இந்தத் தடவை ஒளியக்கூட மாட்டா என்பது என் அச்சம். கோயிலுக்குத்தான் கூட்டிப்போகிறார்கள் என்று தாமாகவே ஏறிக்கொள்ளும்.

10. இந்த மனுவை ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டினேன். கண்ணாயிரம் அவர்கள் முழுவதும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிம்மா. எங்க சாமைக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைத் தங்களிடமே வைக்கிறேன். பயிர் போனவர்களுக்கும், கடிபட்ட மங்கம்மாளுக்கும் உரிய நிவாரணம் கிடைக்கத் தாங்கள் வழி செய்ய வேண்டும். அது இல்லாமல் குரங்கின்மேல் இரக்கம் காட்டுங்கள் என்று என் ஊராரிடம் கேட்க எனக்கு வாயில்லை.

குரங்குகளைப் பொறுத்தவரை நான் கேட்பது இதுதான். இவற்றை இன்னொரு முறை இடம் மாற்ற வேண்டாம். கால்நடை மருத்துவர் ஒருவரை அனுப்பிக் காயம்பட்டவற்றைப் பார்க்கவும், மேலும் பெருகாமல் கருத்தடை செய்யவும் வேண்டுகிறேன். வளைவில் தீனி போடுவோரைத் தடுக்கப் பலகையும் காவலரும், வேகத்தடைக்குத் தங்கள் பரிந்துரையும் வேண்டும். காட்டோரத்தில் அத்தியும் நாவலும் நட அனுமதித்தால் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் பொறுப்பு. இதற்கு மட்டும் ஊரில் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இனி எந்த ஊரிலிருந்து எந்த விலங்கைக் கொண்டுவந்தாலும், விடப்போகும் இடத்தில் அது பிழைக்குமா, அங்கே வேறு யார் இருக்கிறார்கள் என்று முன்னதாக ஒருவர் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். கடிதத்தில் 'காடு' என்று எழுதுவது எளிது. அது ஏற்கனவே யாரோ ஒருவருடைய வீடாக இருக்கிறது.

என்னோடு சிலர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். பலர் இடவில்லை. இடாதவர்களைக் கல்நெஞ்சர் என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. அவர்கள் வீட்டில் இந்த ஆண்டு சாமை குறைவு. சேட்டு அவர்களிடமும் கேட்டேன். "எம்பேர எழுதிக்கோம்மா. கையெழுத்து மட்டும் கேக்காத. ஒருவாட்டி போட்டதே போதும்" என்று சொல்லிவிட்டார். ஆகவே அவர் பெயரை எழுதியிருக்கிறேன், கையெழுத்து இல்லை.

தாங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்க்குமாறு மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். வரும்போது ஊசிப்பாறை வளைவில் மட்டும் ஓட்டுநரை மெதுவாக வரச் சொல்லவும். குட்டி இப்போதுதான் தனியாக ரோட்டைக் கடக்கப் பழகுகிறது.

இடம்: மேல்தும்பக்காடு
நாள்: 25.11.2024

இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) மோ. தேவயானி

உடன் ஒப்பமிட்டோர்:
(ஒப்பம்) மோகன்
(ஒப்பம்) பாண்டுரங்கன்
(ஒப்பம்) நதியா
(இடது பெருவிரல் ரேகை) மங்கம்மாள்

பெயர் மட்டும்: சேட்டு, தேங்காய்க் கடை